பதினோராம் எண் கூண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வாசகர் பகுதியில் வந்த ஒரு கடிதத்துக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். கைபேசியில் பரவிய ஒரு குரல் பதிவால் கடலோர ஊர்களில் ஏற்பட்ட பீதியைச் சொல்லி, இனிமேல் பேரிடர், நோய், சட்டம் ஒழுங்கு பற்றிய எந்தச் செய்தியானாலும் அரசு அமைக்கும் ஒரு குழு பார்த்து அனுமதித்த பிறகே பத்திரிகையிலும் கைபேசியிலும் வரவேண்டும் என்று அந்த வாசகர் கேட்டிருந்தார். எமர்ஜென்சியில் அப்படித்தான் இருந்தது, ரயில் நேரத்துக்கு ஓடியது, வதந்தி இல்லை என்றும் எழுதியிருந்தார். அவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார் என்று நம்புகிறேன். ஆனால் அவர் கேட்பது நடந்தால் முதலில் அடிபடுகிறவர்கள் எங்களைப் போலக் கடலை ஒட்டி வாழ்பவர்கள். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நான் பாம்பன் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொடிமரத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதும் இறக்குவதும் என் வேலைகளில் ஒன்று. பகலில் கூண்டு, இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு. சென்னை வானிலை மையத்திலிருந்து அந்தக் காலத்தில் தந்தியாக வரும், அப்புறம் தொலைபேசி, பேக்ஸ் என்று மாறியது. எப்படி வந்தாலும் வந்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதுவோம், கூண்டு ஏறிய நேரத்தையும் எழுதுவோம்.

அவர் சொல்லும் குரல் பதிவு எங்கள் தெருவுக்கும் வந்தது. இன்று இரவு கடல் ஊருக்குள் ஏறப்போகிறது, பக்கத்து ஊரில் ஏற்கெனவே ஏறிவிட்டது என்று யாரோ மூச்சிரைக்கப் பேசியிருந்தார். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடினார்கள். இதெல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பீதி எப்படி அடங்கியது என்பதை அவர் எழுதவில்லை. நான் துறைமுக அலுவலகத்துக்குப் போன் போட்டேன். பணியில் இருந்த தம்பி கடைசியாக வந்த அறிக்கையை வரி வரியாக வாசித்தார். காற்று எத்தனை கிலோமீட்டர், அலை எத்தனை மீட்டர், அறிக்கை வெளியான நேரம் என்ன என்று குறித்துக்கொண்டு, மாதா கோயில் மைக்கில் அப்படியே சொன்னேன். அடுத்த அறிக்கை இத்தனை மணிக்கு வரும், வந்ததும் மறுபடி இதே மைக்கில் சொல்கிறேன் என்றும் சொன்னேன். பயப்படாதீர்கள் என்று சொல்லியிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அடுத்த செய்தி எப்போது வரும் என்று தெரிந்ததும்தான் உட்கார்ந்தார்கள். அந்த வாசகர் கேட்கும் சட்டம் இருந்திருந்தால் அன்று இரவு நான் மைக்கைத் தொட்டதே குற்றம் ஆகியிருக்கும். குழு கூடி அனுமதி தரும்வரை அந்தப் பொய்க் குரல் மட்டும்தான் ஊரில் பேசிக்கொண்டிருக்கும்.

கூண்டுக் கணக்கைக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1, 2 என்றால் புயல் சின்னம் தொலைவில் இருக்கிறது, கடலுக்குள் போகிற கப்பல்களுக்கு எச்சரிக்கை. 3 என்றால் பலத்த காற்று துறைமுகத்தையே தாக்கலாம். 4 என்றால் துறைமுகத்துக்குப் புயல் வரலாம். 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரிய அபாயம். பத்துக்கு மேல் என்ன இருக்க முடியும் என்றுதான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் கேட்டேன். பதினொன்று இருக்கிறது. வானிலை மையத்தோடு செய்தித் தொடர்பு அறுந்துவிட்டது, வானிலை மோசமாகும் என்று உள்ளூர் அதிகாரிக்குத் தோன்றுகிறது என்றால் ஏற்றவேண்டிய கூண்டு அது. கடல் வேலை தெரிந்தவர்கள், சேதி வராத நிலைக்கும் ஒரு எண் கொடுத்து, அதைப் பெரிய அபாயத்துக்கும் அடுத்து வைத்திருக்கிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் நடந்தது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தந்திக் கம்பி போய், பாலம் உடைந்து, ரயில் பெட்டிகள் கடலுக்குள் போன சேதிகூட வெளியே வர வழியில்லாமல் கிடந்தோம். அன்று கம்பியை அறுத்தது காற்று. மனிதர்களே வேண்டுமென்று அந்தக் கம்பியை அறுத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் சொல்ல வருகிறேன்.

என் வேலைக் காலத்தில் ஒரு மழைக்காலம். ஊரில் பெரிய கூட்டம் கூடியிருந்த நேரம். கூண்டை மாற்றச் சொல்லிச் செய்தி வந்துவிட்டது. பொறுப்பான இடத்தில் இருந்த ஒருவர், பெயரும் பதவியும் இங்கே வேண்டாம், போனில் கூப்பிட்டு, "இப்போது ஏற்றினால் ஜனங்கள் பயந்து நெரிசலாகிவிடும், கூட்டம் கலையட்டும், விடிந்ததும் ஏற்றிக்கொள்ளலாமே" என்றார். எங்கள் மூத்த அலுவலர் சத்தம் போடவில்லை. "ஐயா, செய்தி வந்த நேரம் பதிவேட்டில் ஏறிவிட்டது. கூண்டு ஏறிய நேரத்தையும் எழுதவேண்டும். நடுவில் இருக்கும் நேரத்துக்கு யார் கையெழுத்துப் போடுவது?" என்று மட்டும் கேட்டார். எதிர்ப்பக்கம் போனை வைத்துவிட்டார்கள். நாங்கள் கூண்டை ஏற்றினோம்.

போனில் பேசியவர் கெட்டவர் இல்லை. கூட்டத்தில் யாரும் மிதிபடக் கூடாது என்றுதான் அவரும் நினைத்தார். செய்தியை மறைப்பது எப்போதும் இப்படி ஒரு நல்ல காரணத்தோடுதான் தொடங்குகிறது. எங்கள் அலுவலரால் மறுக்க முடிந்தது எதனால்? நாளை ஏதாவது ஆகிவிட்டால் ஏன் தாமதம் என்று உங்கள் பத்திரிகை கேட்கும், சட்டமன்றத்தில் ஒருவர் எழுந்து கேட்பார், யாராவது நீதிமன்றம் போவார்கள். இத்தனை பேர் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். இவர்கள் யாருமே வாய் திறக்கக் கூடாத ஒரு நாட்டில் அதே அலுவலர் என்ன செய்திருப்பார்? அவருக்கும் மனைவி மக்கள் உண்டு.

இப்படி ஒரு நாட்டை என் அப்பா பார்த்தவர். இன்று மியான்மர் என்கிற பர்மாவில், ரங்கூனில் ஒரு தமிழ் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்தார். 1962 மார்ச்சில் நே வின் ராணுவ ஆட்சி வந்தது. அதே ஆண்டில் அச்சகத்தாரும் வெளியிடுவோரும் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்று சட்டம் போட்டார்கள், அச்சாவதைப் பார்வையிட ஒரு வாரியமும் வந்தது. அப்பா சொல்வார், அதிகாரி வந்து எந்த வரியையும் அடித்ததை அவர் கண்ணால் பார்த்ததே கிடையாது, அதற்கு அவசியமே வரவில்லை என்று. முதலாளியே இவர்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, கோத்த எழுத்தை வாசித்து, "இந்த வரி வேண்டாம், எடுத்துவிடு" என்பாராம். அப்புறம் முதலாளி சொல்லவேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. கைப்பிரதி கையில் வந்ததுமே எந்த வரியை விட்டுவிடவேண்டும் என்று இவர்கள் விரலுக்கே தெரிந்துவிட்டது. அச்சடித்ததைத் தடை செய்தால் தாள் செலவும் கூலியும் அச்சகத்துக்காரர் தலையில். அந்த பயம் போதும், அரசுக்கு ஆளே வைக்கவேண்டாம். அச்சான பக்கத்தில் பிடிக்காத வரிமேல் மை பூசுவதும் பக்கத்தையே கிழித்துவிடுவதும் பின்னாளில் அங்கே சாதாரணமாகிவிட்டது. 1966இல் தனியார் நாளிதழ்களையே இல்லாமல் செய்துவிட்டார்கள். இந்தியர்களும் சீனர்களும் அவரவர் மொழியில் நடத்திய பத்திரிகைகளும் அதோடு போயின. அப்பா அதற்கு முன்பே, 1964இல், அதிகம் எதுவும் கையில் இல்லாமல் கப்பல் ஏறிச் சென்னை வந்து, அங்கிருந்து அம்மாவின் ஊரான பாம்பனுக்கு வந்துவிட்டார். ரங்கூனில் தங்கிவிட்ட நண்பர்கள் பல வருடம் கடிதம் போட்டார்கள். எல்லாக் கடிதத்திலும் நலம், மழை, பிள்ளைகள் படிப்பு. வேறு ஒரு சேதி இருக்காது.

அதே நாட்டில் 2008இல் நடந்ததை அந்த வாசகருக்கு நினைவுபடுத்த விரும்புகிறேன். ஏப்ரல் கடைசியில் வங்கக்கடலில் உருவான நர்கிஸ் புயல் முதலில் நம் பக்கம் வரும் என்றுதான் பேச்சு. எங்கள் அலுவலகத்தில் எல்லோர் கவனமும் அதன் மேல்தான். அது வளைந்து மே 2ஆம் தேதி ஐராவதி ஆற்றின் முகத்துவாரத்தில் கரையேறியது. வங்கக்கடலைச் சுற்றியுள்ள நாடுகளுக்குப் புயல் எச்சரிக்கை தரும் பொறுப்பு நமது வானிலைத் துறையிடம் இருக்கிறது. எங்கே, எந்த அளவில் கரையேறும் என்று 48 மணி நேரத்துக்கு முன்பே மியான்மருக்குச் சொல்லியாகிவிட்டது. புயல் வருகிறது என்று அங்கே அரசு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஏதோ சொன்னார்கள்தான். ஆனால் கடல் எவ்வளவு உயரம் எழும், எந்த ஊர் எப்போது காலி செய்யவேண்டும், எங்கே போவது என்று முகத்துவாரத்துக் கிராமங்களுக்கு உறைக்கிற மாதிரி யாரும் சொல்லவில்லை. 12 அடி வரை தண்ணீர் எழுந்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஏறத்தாழ 1,38,000 பேர். புயலுக்குப் பின் அரசு முதலில் சொன்ன எண்ணிக்கை 351.

ஒரு வாரம் கழிந்த சூட்டோடு, மே 10ஆம் தேதி, ராணுவம் எழுதிய அரசியல் சட்டத்துக்குப் பொது வாக்கெடுப்பு நடத்தினார்கள். மிக மோசமாக அடிபட்ட வட்டங்களில் மட்டும் இரண்டு வாரம் தள்ளி வைத்தார்கள். 92 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு என்று அறிவித்தார்கள். வெளிநாட்டு உதவி இல்லாமலே எங்கள் மக்கள் பிழைப்பார்கள், வயலில் மீனும் தவளையும் கிடைக்கும் என்று அரசுப் பத்திரிகை எழுதியது. சொந்த முயற்சியில் அரிசியும் துணியும் கொண்டுபோய்க் கொடுத்து, அங்கே கண்டதை வெளிநாட்டு ஊடகங்களிடம் சொன்ன ஸர்கனார் என்ற நகைச்சுவைக் கலைஞரை ஜூனில் கைது செய்து, பத்துக் கணக்கான ஆண்டுகள் சிறை என்று தீர்ப்பளித்தார்கள். 2011 அக்டோபரில்தான் வெளியே வந்தார். அச்சுக்கு முன் தணிக்கை என்ற முறையை மியான்மர் கைவிட்டது 2012 ஆகஸ்டில். சரியாக 50 வருடம்.

ஐராவதிக் கரையிலும் என்னைப் போல ஒரு வானிலை ஊழியர் இருந்திருப்பார். டெல்லியிலிருந்து வந்த தாளை அவரும் வாசித்திருப்பார். அவரைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

வானிலைச் செய்தியையே ராணுவ ரகசியமாக்கிய நாடும் உண்டு. 1941 டிசம்பர் 8, ஜப்பான் இரண்டாம் உலகப் போரில் இறங்கிய நாள். அன்றோடு வானிலை முன்னறிவிப்பு வானொலியிலிருந்தும் பத்திரிகையிலிருந்தும் மறைந்துவிட்டது. எதிரி விமானத்துக்கு உதவிவிடுமாம். 1942 ஆகஸ்டில் ஒரு பெரும் புயல் மேற்கு ஜப்பானைத் தாக்கியது. யாமகுச்சிக் கடலோரத்தில் கடல் உள்ளே புகுந்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 1,100க்கு மேல். புயல் எங்கே இருக்கிறது என்று வரைபடம் போட்ட அலுவலர்கள் இருந்தார்கள், அவர்களுக்குத் தெரியும். கரையில் படகைக் கட்டிக்கொண்டிருந்தவனுக்குச் சேரவேண்டிய அளவுக்குச் சேதி சேரவில்லை. வானொலியில் மறுபடி வானிலை வாசித்தது போர் முடிந்த பிறகு, 1945 ஆகஸ்ட் 22. நியாயமாகச் சொல்வதென்றால் ஜனநாயக நாடான அமெரிக்காவிலும் போர்க்காலத்தில் இது நடந்தது. 1943 ஜூலையில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குப் பயந்து கப்பல்களின் வானொலியை அடக்கிவைத்த நேரத்தில் டெக்சாஸ் கரையை ஒரு புயல் போதிய எச்சரிக்கையில்லாமல் தாக்கி 19 பேர் இறந்தார்கள்.

நோய் பற்றிய செய்தியையும் அந்தக் குழுவிடம் விடச் சொல்கிறார். சீனாவில் வூஹான் நகர மருத்துவர் லீ வென்லியாங், 2019 டிசம்பர் 30ஆம் தேதி, சக மருத்துவர்களுக்குக் கைபேசிக் குழுவில் ஒரு புது நோயைப் பற்றி எச்சரித்தார். ஜனவரி 3ஆம் தேதி காவல் நிலையத்தில் கூப்பிட்டு, பொய் பரப்பிச் சமூக அமைதியைக் கெடுத்தாய் என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பிப்ரவரி 7ஆம் தேதி அதே நோயில் இறந்துபோனார். எது வதந்தி என்று தீர்மானிக்க அங்கே அதிகாரம் படைத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் பார்த்து வதந்தி என்று முத்திரை குத்தியது உண்மைச் செய்தியை.

இனி எமர்ஜென்சி. 1975 ஜூன் 25 இரவு டெல்லியில் பத்திரிகை அலுவலகங்கள் இருந்த பகதூர் ஷா ஜாபர் சாலையில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். மறுநாளே தணிக்கை. எதிர்ப்பைக் காட்டத் தலையங்கப் பகுதியை வெறுமையாக விட்டார்கள் சிலர். உடனே, வெற்றிடம் விடுவதும் கூடாது என்று உத்தரவு வந்தது. நம் மாநிலத்தில் முதல் சில மாதங்கள் ஓரளவு மூச்சு விட முடிந்தது. 1976 ஜனவரி 31இல் ஆட்சியைக் கலைத்த பிறகு இங்கேயும் கழுத்து இறுகியது. கைதானவர்கள் பெயரைப் போட முடியாததால், பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாளில், அண்ணா சதுக்கத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று முரசொலி ஒரு பட்டியல் வெளியிட்டது. யார் யார் சிறையில் என்று ஊர் அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டது. அப்போது எனக்கு இருபதைத் தாண்டிய வயது. பாம்பனில் டீக்கடை வானொலியில் சென்னையைவிட இலங்கைதான் தெளிவாகக் கேட்கும். இரவில் பிபிசி தமிழோசை. நம் நாட்டில் நடப்பதைக் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டோம். வட கொரியாவில் வானொலிப் பெட்டியை அரசு அலைவரிசையில் நிறுத்தி முத்திரை வைத்துவிடுகிறார்கள். எங்கள் திருகாணி கையில் இருந்தது, அந்த மட்டில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ரயில் நேரத்துக்கு ஓடியது என்கிறார். ஓடாத ரயிலைப் பற்றி எழுத அன்று எந்தப் பத்திரிகைக்கு அனுமதி இருந்தது? வதந்தி இல்லை என்கிறார். 1976 ஏப்ரலில் டெல்லி துர்க்மான் வாயிலில் வீடுகளை இடித்ததை எதிர்த்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பத்திரிகைகளால் எழுத முடியவில்லை. செத்தவர்கள் எத்தனை பேர் என்று வாய்க்கு வாய் ஒரு கணக்கு ஓடியது, இன்றுவரை ஒத்துக்கொண்ட ஒரு எண் கிடையாது. 1976-77இல் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை செய்தார்கள். அதில் எத்தனை கட்டாயம், எங்கே கட்டாயம் என்று யாரும் வெளியில் சொல்ல முடியாததால், தடுப்பூசி என்ற பெயரில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் செய்கிறார்கள் என்று டெல்லிப் பக்கம் ஒரு பேச்சு கிளம்பி, பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவே பயந்தார்கள். இது வதந்தி இல்லாமல் வேறு என்ன? அச்சில் வராத பேச்சு முழுவதும் தெருவில் இருந்தது. பார்க்கப்போனால், ஆண்டவர்களுக்கே நாடு தெரியாமல் போயிற்று. 1977இல் தேர்தலை அறிவித்தபோது தோல்வி இந்த அளவுக்கு இருக்கும் என்று அவர்கள் எதிர்பார்க்காததற்குத் தணிக்கையும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். கேட்க விரும்பியதை மட்டுமே பத்தொன்பது மாதம் வாசித்தவர்களுக்கு வேறு எப்படித் தெரியும்?

அந்தக் குரல் பதிவைச் செய்தவரைத் தண்டிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சட்டம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், பிரிவு 54. பேரிடர் பற்றிப் பொய் எச்சரிக்கை பரப்பிப் பீதி உண்டாக்கினால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். பொய் சொன்ன பிறகு, நீதிமன்றத்தில் நிரூபித்து, சொன்னவரைத் தண்டிப்பது அது. சொல்வதற்கு முன்பே எல்லோர் வாயையும் கட்டுவது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைக்கவேண்டாம் என்று அந்த வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். இணையத்தை நிறுத்துவதானால்கூட அந்த உத்தரவை வெளியிடவேண்டும், அப்போதுதான் பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 10இல் சொல்லியிருக்கிறது. அதையாவது நம் மாவட்டங்களில் ஒழுங்காகச் செய்கிறார்களா என்று உங்கள் செய்தியாளர்கள் பார்க்கலாம்.

உங்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. ஒவ்வொரு மழைக்காலத்திலும் "பாம்பனில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்" என்று செய்தி போடுகிறீர்கள். 3 என்றால் என்ன, 4 என்றால் என்ன என்று பக்கத்தில் ஒரு வரி போடுவதில்லை. கரையில் நிற்கும் பெண்களில் பாதிப் பேருக்கு அந்த எண்ணுக்கு அர்த்தம் தெரியாது, வீட்டு ஆண்கள் கடலில் இருக்கும்போது எண் ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். 1 முதல் 11 வரை ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது, நாட்டுப்படகு என்ன செய்யவேண்டும், விசைப்படகு என்ன செய்யவேண்டும் என்று எளிய தமிழில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். துறைமுக அலுவலகத்தில் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பு ஒரு நாள் அரைப் பக்கம் ஒதுக்கினால் போதும். அதை வெட்டி அட்டையில் ஒட்டி, பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் இறங்குதளங்களில் மாட்டுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற துறைமுக ஊழியர்,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.